நீங்கள் வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

என் பாசமுள்ள அப்பா,

இன்று கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். ஒருத்தி, “காப்ஸ்மேக்ட்” என்றால் என்ன என்று கேட்டாள். பதில் சொல்லும்போதே உங்கள் குரல் காதில் கேட்டது.

கூட வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் காலமெல்லாம் தெலுங்கர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர், மருமகன் என்றதும் ஏன் அப்படி இறுகிப்போனீர்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவியே சைனிக்புரியில் நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. பதற்றத்தில் அவர் ஆபீஸ் கதையைத் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தார். விமானப் பயணத்தில் தொலைந்த பெட்டி கிடைத்துவிட்டது என்று இவர் போனில் சொன்னதும் இங்கிலாந்திலிருந்து பேசிய ஓர் அம்மாள் அந்தச் சொல்லைச் சொன்னாராம். திட்டுகிறாரோ என்று இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். பிறகுதான் அகராதியைப் பார்த்தாராம். ‘காப்’ என்றால் வட இங்கிலாந்துப் பேச்சில் வாய். ‘ஸ்மேக்’ என்றால் அறை. வாயில் அறை விழுந்த மாதிரி அதிர்ந்துபோவது. அதிர்ச்சியில் நாமே வாயைப் பொத்திக்கொள்கிறோமே, அதிலிருந்தும் வந்திருக்கலாமாம்.

நீங்கள் பேப்பரை மடித்தீர்கள். அவருக்குப் புரியுமா என்றுகூட யோசிக்காமல் தமிழில் சொன்னீர்கள்: “நாங்க வாயடைச்சுப் போறதுன்னு சொல்லுவோம். இவ உன் பேரைச் சொன்னதுலேர்ந்து நான் அப்படித்தான் இருக்கேன்ப்பா.”

ரவி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்ததே தவிர மொழிபெயர்க்க வரவில்லை. நீங்களே தெலுங்கில் சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: இவளை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயா?

“அமெரிக்கா நக்கோ அங்கிள்” என்றார் அவர், வேண்டவே வேண்டாம் என்று நம்மூர் உருதுவில்.

அவ்வளவுதானா அப்பா? அந்த ஒரு பயத்தையா அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தீர்கள்? “உக்காருப்பா, சாப்டுட்டுப் போ” என்றீர்கள். அடுப்படியில் நின்றிருந்த அம்மா உடனே அப்பளம் பொரித்தாள்.

கல்யாணமான மறுவருடமே நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். பேத்தியைப் பார்க்கவில்லை. அவளுக்கு உங்கள் நெற்றி. தூங்கும்போதும் எதையோ யோசிப்பவள் போலவே இருக்கிறாள்.

அம்மா எங்களோடு இருக்கிறாள். பசிக்கவில்லை என்று சொல்லியே பழகிவிட்டாள். அவளுக்காக ரவி தமிழ் கற்றுக்கொள்கிறார். “சாப்டலாம் வாங்க அத்தை” என்பதைத் தவிர மற்றதெல்லாம் தப்பு. அதற்கு மட்டும் அம்மா எழுந்து வந்துவிடுகிறாள். ஒரு வேளைகூட அவளைத் தனியாகத் தட்டின் முன்னால் உட்கார விடமாட்டோம், அப்பா. சத்தியம்.

உங்கள் மகள்,
சுமதி