நிழலுக்குப் போட்ட வரி

மார்ச் 4

அன்புள்ள மைக்குக்கு,

ஊசி எழுதுகிறேன், பள்ளிக்கூடத்தில் நமக்கு வைத்த பட்டப்பெயரை மறந்திருக்கமாட்டாய். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரே ஊரில் மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். நான் என்ன செய்யட்டும்? எத்தனை தடவை போன் செய்தாலும் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். "கவுன்சிலர் மேடம் மீட்டிங்ல இருக்காங்க, எதா இருந்தாலும் எழுத்துல குடுத்துடுங்க" என்கிறார். "தம்பி, நானும் அவளும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க" என்றேன். "அப்படின்னா ரெண்டு காப்பியா குடுங்க" என்றார். அதனால் எழுத்தில் தருகிறேன். ஒரு காப்பிதான்.

விஷயம் இதுதான். என் தையல் கடை வாசலில் நடைபாதைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன் அல்லவா, அதற்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "பொதுவெளி மேல்விரிப்புப் பயன்பாட்டுக் கட்டணம்" என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் சொல்லிப் பார், மூச்சு நின்றுவிடும். எங்கள் தெருவில் இதை நிழல் வரி என்கிறோம். தார்ப்பாய் வாங்கியது நான். பைப் வைத்து வெல்டிங் பண்ணியது நான். கீழே பெஞ்சு போட்டதும் நான்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், உங்கள் துப்புரவு அக்கா, எல்லாரும் அதன் கீழேதான் நிற்கிறார்கள். அங்கே இருந்த மரத்தை வெட்டியது உங்கள் ஆள். மரத்தை வெட்டினவருக்குச் சம்பளம், நிழல் கொடுக்கிறவளுக்கு வரி. நன்றாக இருக்கிறதடி உங்கள் நியாயம்!

வரியே கட்டமாட்டேன் என்று நான் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? தொழிலுக்குக் கட்டுகிறேன். பெயர்ப் பலகைக்குக் கட்டுகிறேன். குப்பைக்குக் கட்டுகிறேன், குப்பை வண்டி மனசு வைத்தால் வரும். சாக்கடைக்குக் கட்டுகிறேன், அது மட்டும் கூப்பிடாமலேயே வரும், கடைக்குள்ளேயே வரும். இப்போது வானத்துக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற துணிக்கும் கட்டணுமாம். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்களாம். கட்டினால் என்னிடம் பட்டன் கட்டுகிற பெண்ணை வேலையை விட்டு நிறுத்த வேண்டும். கட்டாவிட்டால் கடையையே இழுத்து மூட வேண்டும். எதைச் செய்யட்டும், நீயே சொல்.

உனக்காக இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் நான். "அவ இருக்கற வரைக்கும் நமக்கு ஒரு கஷ்டமும் வராது" என்று வாய் கிழியச் சொன்னேன். இப்போது அத்தனை பேரும் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்குத்தான் வருகிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன்,
ஊசி

*

மார்ச் 9

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

(ஒப்பம்)
நகர்மன்ற உறுப்பினர்

அடியே, மேலே இருப்பது உதவியாளர் டைப் பண்ணியது. கோபப்படாதே. அவன் தன் பெண்டாட்டிக்கு எழுதினாலும் இப்படித்தான் எழுதுவான்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. எல்லாரும் வரியைத் திட்டிக்கொண்டே இருந்தால் ரோடு யார் போடுவது? தெரு விளக்குக்கு யார் பணம் கொடுப்பது? துப்புரவு அக்காவுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நகராட்சி கஜானா காலி. தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார், கட்சி கை தூக்கச் சொன்னது, தூக்கினோம். உன் கடைக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மைக்கு

*

மார்ச் 12

அடி மைக்கு,

இரண்டு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல்.

முதல் கேள்வி. கை தூக்குவதற்கு முன்னால் அந்தத் தீர்மானத்தைப் படித்தாயா? "ஆமாம்" என்றால் உன் மேல் கோபம் வரும். "இல்லை" என்றால் அதைவிடக் கோபம் வரும். எப்படியும் திட்டு உண்டு, அதனால் உண்மையையே சொல்லிவிடு.

இரண்டாவது. என் தார்ப்பாய் நடைபாதையின் மேல் பத்தடி நீட்டிக்கொண்டிருப்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. நடைபாதையே ஆறடிதான்! அப்படியானால் பஸ்ஸெல்லாம் என் தார்ப்பாய்க்குக் கீழேதான் போகிறது. எதிர்க்கடை சாவிக்காரர், "இனிமே பஸ்காரன்கிட்ட நீங்க வாடகை வாங்கலாம்க்கா" என்று கிண்டல் பண்ணுகிறார். அவருக்கும் இதே கதைதான். பழக்கடை அக்காவுக்கு வந்த அளவைப் பார்த்தால் அவர் கடை அடுத்த தெருவில் போய் முடிகிறது.

ரோடு போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பணத்தை எடுக்கிறாய், எதற்கு என்று சொல். சொல்ல முடியாவிட்டால் எடுக்காதே. இது பெரிய தத்துவம் இல்லையடி. ஒருத்தர் சட்டை தைக்கத் துணி கொடுத்தால் மிச்சத் துணியை மடித்துக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். உங்களிடம் மட்டும் கொடுத்தால் போனது போனதுதானா?

ஊசி

*

மார்ச் 17

அன்புள்ள ஊசி,

சந்தோஷச் செய்தி! உன் விவகாரத்தைத் தீர்த்துவிட்டேன்.

அளந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அன்றைக்கு அவர் தன் டேப்பை ஆபீஸிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார். உன் கடையில் தையல் டேப்பை இரவல் வாங்கித்தான் தெரு முழுக்க அளந்தாராம். உடனே எனக்குப் பொறி தட்டிவிட்டது. உன் டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அவர் சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அங்குலம் என்று எழுதியிருக்கிறார்! நாலடி பத்தடி ஆனது அப்படித்தான். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் நான் இதே தப்பைத் தலைகீழாகச் செய்து, சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலத்தில் அளந்து, டீச்சருக்கு ஆள் உயரத்துக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

உன் நோட்டீஸை மட்டும் திருத்தித் தரச் சொல்லிவிட்டேன். வருகிற தொகை சின்னதுதான், கட்டிவிட்டு நிம்மதியாக இரு. தெருவில் யாரிடமும் சொல்லாதே. எல்லாருக்கும் திருத்தினால் பட்ஜெட்டில் துண்டு விழும், அந்தப் பணத்தை ஏற்கெனவே ஒரு செலவுக்கு ஒதுக்கிவிட்டார்களாம்.

முதல் கேள்விக்குப் பதில்: படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. போதுமா?

மைக்கு

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய கவுன்சிலர் அம்மையார் அவர்களுக்கு,

இனிமேல் இப்படித்தான் எழுதுவேன்.

கைக்குட்டையைப் படித்ததும் சிரித்தேன், மறுக்கவில்லை. அடுத்த வரியில் வயிறு எரிந்துவிட்டது. எனக்கு மட்டும் திருத்துவாயாம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கணுமாம். சாவிக்காரர் தப்பான அளவுக்குக் கட்டுவார், பழக்கடை அக்கா தப்பான அளவுக்குக் கட்டுவார், நான் தினமும் அவர்கள் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்கணும். என்னை என்னவென்று நினைத்தாய்? தப்பு என்று தெரிந்த பிறகும் வாங்கினால் அதற்குப் பெயர் வரி இல்லை, மேடம். வேறு பெயர் இருக்கிறது, உங்கள் பதவிக்கு மரியாதை கொடுத்து எழுதாமல் விடுகிறேன்.

சரியான அளவு போட்டாலும் கட்டமாட்டேன். என் துணி, என் கம்பி, என் உழைப்பு. அதன் கீழே ஊரே வந்து நிற்கட்டும், காசு கேட்கமாட்டேன். நீங்களும் என்னிடம் கேட்கக்கூடாது.

எதற்கு ஒதுக்கினார்கள் என்று கேட்டுச் சொல்லவும். கடை போனாலும் போகட்டும். நீ இப்படி ஆகிவிட்டாயே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருத்திய நோட்டீஸைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி

*

மார்ச் 25

கவுன்சிலர் அம்மையார் அவர்களுக்கு,

பதில் வரவில்லை. பரவாயில்லை, இது வேறு விஷயம். உங்கள் காதுக்கு மற்றவர்கள் சொல்லி வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் தெருவோடு கிளம்பி நகராட்சி ஆபீஸுக்குப் போனோம். வாசலில் உங்கள் கார்கள் நிற்க ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவும் நடைபாதைக்கு மேலேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதே டேப்பை எடுத்தேன். அதே சென்டிமீட்டர் பக்கம். சாவிக்காரர் ஒரு முனையைப் பிடித்தார், பழக்கடை அக்கா சத்தம் போட்டுப் படித்தார், நான் எழுதினேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னக்கா பண்றீங்க?" "உங்க ஆபீசுக்குச் சட்டை தைக்கப் போறோம் தம்பி, அசையாம நில்லுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு மாடிக்குக் கேட்டிருக்கும்.

உங்கள் நோட்டீஸையே பார்த்து அச்சு அசலாக நகராட்சிக்கு ஒரு நோட்டீஸ் எழுதினோம். மேல்விரிப்புக் கட்டணம், மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் நகராட்சியின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படமாட்டாது. கவுன்டரில் நீட்டினேன். அந்தம்மா போனில் பேசிக்கொண்டே "பெறப்பட்டது" என்று சீல் குத்தி, நம்பர் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு வரி படிக்கவில்லை! உங்கள் ஆபீஸில் எல்லாருக்குமே இந்த வியாதி இருக்கிறது போல.

சீல் விழுந்த மனுவைக் கூட்டத்தில் வைத்தே ஆகணும் என்று சாவிக்காரர் சொல்கிறார். முப்பதாம் தேதி கூட்டமாமே. எங்களை உள்ளே விடமாட்டார்களாம். வாசலில் நிற்போம். உங்கள் கூரைக்குக் கீழேதான் நிற்போம், நிழலாக இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி

*

ஏப்ரல் 8

என் ஊசி,

அன்றைக்குக் கூட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும் நீ ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாய், தெருவே கத்தியது. எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு, ஓயாமல் பேசியே மைக்கு என்று பெயர் வாங்கினவளுக்கு! உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் நோட்டீஸ் கடைசி விஷயமாக வந்தது. தலைவர் பாதி படித்ததும் நிறுத்தி, "யாருய்யா இதை உள்ள விட்டது?" என்றார். "சீல் இருக்குங்கய்யா, வச்சுத்தான் ஆகணும்" என்றார் கிளார்க். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தள்ளுபடி. அடுத்தது" என்றார்.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் பார்த்தேன் ஊசி, பொய் சொல்லமாட்டேன். ஜன்னல் வழியாக உங்கள் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டேன். "தலைவரே, இதைத் தள்ளுபடி பண்ணினா அந்தத் தெருவோட நோட்டீஸ் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணணும். ரெண்டும் ஒரே டேப்புல அளந்தது" என்றேன். "நீ எந்தக் கட்சிம்மா?" என்றார். "அதை அப்புறம் பேசுவோம். இந்த வரித் தீர்மானத்தைப் படிச்சுட்டு ஓட்டுப் போட்டவங்க யாராவது இங்க இருந்தா எந்திரிங்க. நான் படிக்கலை, அதனால நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒருத்தர்கூட எழவில்லை. தலைவரே எழவில்லை! எனக்குத் தைரியம் வந்துவிட்டது. திரும்ப எழுந்து, இந்தப் பணம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்று கேட்டேன். கிளார்க் பட்ஜெட்டைப் புரட்டி, தலைவருக்குப் புது வண்டி என்று வாசித்தார். பாவம், அவரும் முதல் தடவையாக அப்போதுதான் படிக்கிறார். அதற்கப்புறம் கேட்கணுமா? பழைய உறுப்பினர் ஒருவர், "என் மச்சான் கடைக்கும் நோட்டீஸ் வந்திருக்குய்யா, வீட்டுக்குள்ள போக முடியலை" என்று கத்தினார். ஓட்டுக்கு விட்டார்கள். தலைவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தவிர எல்லாரும் எங்கள் பக்கம். நிழல் வரி ஒழிந்தது!

இப்போது கசப்பான பாதி. கட்சி என்னை நீக்கிவிட்டது. வீட்டுக்காரர், "நிம்மதியா இரு, இனிமே வேளைக்குச் சாப்பிடலாம்" என்கிறார். எங்கள் பதவிக்காலம் முடிகிறது, அடுத்த மாத நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்று நான் பார்க்கிறேன். முன்மொழிய ஒருத்தர் கையெழுத்து வேண்டும். மேடம் என்று நீ எழுதிய அந்தக் கடிதத்துக்குப் பிறகும் உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

மைக்கு

*

ஏப்ரல் 10

அடி என் தங்கமே,

இதை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை எனக்காக, ஒரு தடவை கடைக்குள் நின்ற அத்தனை பேருக்காகவும் சத்தமாக. "நான் உக்காந்துக்கறேன்" வந்த இடத்தில் பழக்கடை அக்கா விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும்!

லைசென்ஸ் வந்துவிட்டது. பட்டன் கட்டுகிற பெண் எங்கேயும் போகவில்லை. சம்பளம் கூட்டித் தரச் சொல்லி இப்போது என்னிடமே போராட்டம் நடத்துகிறாள். எல்லாம் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

உரிமை இருக்கிறதா என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? கோபத்தில் மேடம் என்று எழுதினால் மேடம் ஆகிவிடுவாயா? வேட்புமனுப் படிவத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் வா. கையெழுத்துப் போடுகிறேன். முதல் முறை உன்னைத் தெரியும் என்பதற்காக ஓட்டுக் கேட்டேன். இந்த முறை நீ செய்ததைச் சொல்லிக் கேட்பேன். ஒரு வீடு விடமாட்டேன். ஜெயிக்கிறோம், எழுதி வைத்துக்கொள்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று அழாதே. ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் நான் உன் ஆள். ஜெயித்த மறுநாள் காலையிலிருந்து உனக்கு நான்தான் எதிர்க்கட்சி.

ஊசி