அப்பாவுக்கு எந்த சைக்கிள்

இன்னர்லீதன்,
புதன்கிழமை

அன்பு மகள் இஷ்பெலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாயும் நலம். மழையும் நலமாகத்தான் இருக்கிறது, ஒரு நாளும் தவறுவதில்லை. உன் தொழிலுக்கு நலமா என்று பொதுவாகக் கேட்டால் போதாது, எலும்பெல்லாம் முழுசாக இருக்கிறதா என்றே கேட்கிறேன், மறைக்காமல் பதில் எழுது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டு ஸ்ட்ரூவன் மூன்றாவதாக ஒரு மலை சைக்கிள் வாங்கி, கார் வைக்க இடமில்லாமல் காரைத் தெருவில் விட்டிருக்கிறான். அவன் மனைவி ஒன்றும் சொல்வதில்லை, சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

மே மாதம் நியூசிலாந்திலிருந்து இரண்டு வாரம் வருகிறேன், ஒருநாள் நம் மலையில் சைக்கிள் ஓட்டுவேன், தங்குவது பக்கத்து ஊர் பீபிள்ஸில் தோழி வீட்டில் என்று நீ எழுதியிருந்ததை அப்பா காதில் விழும்படிதான் படித்தேன். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். நீ வங்கி வேலையை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு மலையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியபோது, சைக்கிள் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டாரே, அதோடு உன்னிடம் அவர் பேச்சு நின்றது. மூன்று வருஷமாக நீ போன் பண்ணினால் எழுந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவார். அன்றைக்கும் சூப் தீர்ந்ததும் கொட்டகைக்குத்தான் போனார். மறுநாள் காலையில் முட்டையை உடைத்துக்கொண்டே, மலை சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், டாக்டரே சொல்லிவிட்டார் என்றார். டாக்டர் சொன்னது நடக்கச் சொல்லி. நானும் கூடத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எந்த சைக்கிள் என்று ஒருவரிடம் கேட்டால் ஊரே பதில் சொல்லும் இடம் இது. முன்சக்கரத்துக்கு மட்டும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் இருந்தால் ஹார்ட்டெய்ல், பின்னாலும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன் என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரியும். உன் பாடத்தை உனக்கே ஒப்பிக்கிறேன், பொறுத்துக்கொள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஹார்ட்டெய்ல்தான் சரி, சக்கரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அதுதான் கற்றுக்கொடுக்கும், நம் ஊர்ச் சேற்றில் கெட்டுப்போகவும் அதில் அதிகம் ஒன்றுமில்லை என்றார் கறிக்கடைக்காரர். அறுபத்து மூன்று வயது முதுகு இனி எதையும் கற்றுக்கொள்ளாது, ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கு என்றான் ஸ்ட்ரூவன். அப்பா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு, இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். இத்தனை யோசனை என்னைக் கல்யாணம் பண்ணும்போது செய்ததாகத் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை ஹார்ட்டெய்ல். சுலபமான நீலப் பாதையில்தான் போய்விட்டு வந்து, நின்றுகொண்டே சாப்பிட்டார். குண்டும் குழியும் நேராக முதுகெலும்பில் வந்து இடிக்கிறதாம். அடுத்த சனி ஞாயிறு ஃபுல் சஸ்பென்ஷன். சனிக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக வந்தவர், சோபாவில் உட்கார்ந்து மலை இறங்கின மாதிரி இருந்தது, இனி செத்தாலும் ஹார்ட்டெய்லைத் தொட மாட்டேன் என்று மதுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தார். கறிக்கடைக்காரர் பாவம், அவர் சாப்பிட வந்தவர். மறுநாளும் ஓட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்குமுன் கழுவ வேண்டுமே, வாடகை சைக்கிள் கடை வாசலில் குழாயடி வரிசையில் நின்றோம். ஞாயிறு சாயங்காலம், ஊரே அங்கேதான். கடையில் வேலை செய்யும் மோர்வென் குனிந்து பின்ஷாக்கில் இருந்த சின்னப் பிடியைத் திருப்பினாள். தார்ரோட்டில் ஏறும்போது பின்பக்கம் ஆடாமல் இருக்கப் பூட்டி வைப்பதாம் அது. இரண்டு நாளும் பூட்டியேவா ஓட்டினீர்கள் என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், நல்ல பெண். ஆக, உன் அப்பா ஓட்டியதும் ஹார்ட்டெய்ல்தான், கூடுதல் கனத்தோடு. பின்னாலிருந்து ஸ்ட்ரூவன் கேட்டான், "சோபா மெத்துனு இருந்துச்சா, ஃபெர்கஸ்?"

வீட்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். பாலம் தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இஷ்பெலைக் கேளு," என்றார். உன் மகள், உன் மகள் என்று என் தலையில் கட்டிக்கொண்டிருந்தவர், மூன்று வருஷம் கழித்து உன் பெயரைச் சொல்கிறார். நான் கேட்க மாட்டேன், சைக்கிள் உங்களுக்கு, நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

"அங்க இப்ப மணி என்ன?" என்றார்.

இன்னும் விடிந்திருக்காது, தூங்குவாள் என்றேன். "சரி, தூங்கட்டும். பாவம்," என்றார். எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று சொன்னேன். அவரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத்தான் துடைத்தார்.

திங்கட்கிழமை போனைச் சுற்றிச் சுற்றி வந்தார். எடுத்தார், பாத்திரம் துடைக்கும் துணியால் துடைத்தார், வைத்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். நேற்றும் அதேதான். நமக்கு இனி விறகு இரண்டு குளிர்காலத்துக்குப் போதும். அவர் தானாகக் கூப்பிட மாட்டார் அம்மாடி, அந்த மனுஷனுக்கு அது வராது. நான் போனில் சொன்னால் கொட்டகையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், அதனால்தான் தபால். நீதான் கூப்பிட வேண்டும். மூன்று வருஷம் அவர் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. உனக்குக் கோபம் இருந்தால் அதையும் சொல், ஆனால் சைக்கிளுக்குப் பிறகு சொல்.

இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு, எங்கள் காலை நேரத்தில் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், குளியலறையில் இருப்பேன். மணி நீளமாக அடிக்கும், வைத்துவிடாதே. ஆண்டவர் உன்னை மேட்டிலும் இறக்கத்திலும் தாங்கட்டும், நல்ல சாப்பாடு சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு உட்காராதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஹார்ட்டெய்ல் என்று எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிட்டால், நன்றி என்று போனை வைத்துவிடுவார். எங்கே ஓட்டினார், எந்த வளைவில் பயந்தார், முட்டி வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். கடைசியில், யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா