உள்ளூர் அடுப்பும் ஈர விறகும்

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஆனைகட்டிப் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டுகிறார்களாம். பின்பக்கச் சமையலறைக்கு ஒரு விறகு அடுப்பு வேண்டும். அந்தப் பெண்தான் கேட்டாள்.

"ஏனுங்க, நம்மூர்ல செஞ்சது வாங்கறதுங்களா, இல்ல வெளிநாட்டு அடுப்பே வாங்கிப்போடலாமுங்களா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் மனப்பாடம். வெளிநாட்டு அடுப்பு கனமில்லை, ஒரு கையில் தூக்கலாம். உள்ளே சின்ன விசிறி இருப்பதால் புகை அடங்கும், சுள்ளி விறகே போதும். ஆனால் விசிறி நின்றுவிட்டால் அது வெறும் டப்பா, உதிரிப் பாகத்துக்குக் கப்பல் வர வேண்டும். உள்ளூர் அடுப்பு கனம், சூடேற நேரம் பிடிக்கும். ஏறிய சூடு லேசில் இறங்காது. எது உடைந்தாலும் தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்த என் கை, பக்கத்திலிருந்த பழைய அடுப்பின் கதவுப் பிடியைப் பற்றியிருந்தது. கம்பியைச் சுருளாக முறுக்கிச் செய்த பிடி. உள்ளே எவ்வளவு எரிந்தாலும் கையைச் சுடாது. நீ செய்தது.

"அது என்ன அடுப்புங்க, நல்லா இருக்குது?" என்றாள்.

"அது விக்கறதுக்கில்லைங்க."

அவர்கள் வெளிநாட்டு அடுப்பையே வாங்கிக்கொண்டு போனார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது முகம் பார்த்துச் சொல்லாததைச் செத்தபின் எழுதுவது கோழையின் வேலை. நான் கோழைதான். எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் நாம் ஒரே பெஞ்சு. என் வெல்டிங் கோணிக்கொண்டு போகும். உன்னுடையது மீன் செதிள் அடுக்கியதுபோல வரும். நீ சிங்காநல்லூர்க் குளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டாய். நான் திருச்சி ரோட்டில் கடை போட்டேன். நீ செய்வாய், நான் விற்பேன். கல்யாண மண்டபம், ஹாஸ்டல், கோயில் மடப்பள்ளி என்று உன் அடுப்பு போகாத இடமில்லை. அடுப்பில் பேர் போட வேண்டும் என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். "அடுப்புக்கு எதுக்கப்பா பேரு? சோறு வெந்தா போதாதா?"

பேர் இல்லாமலே எல்லோருக்கும் உன்னைத் தெரிந்துபோனது. அதுதான் எனக்கு ஆகவில்லை. கடைக்கு வருகிறவன் என் முகத்தைப் பார்த்து, "கொளத்துப் பக்கம் ஒருத்தரு செய்யறாராமே, அவர் அடுப்பு இருக்குதுங்களா?" என்று கேட்பான். என் கடையில் நின்றுகொண்டு, என் விளக்கு வெளிச்சத்தில், உன்னைக் கேட்பான். நான் சிரித்தபடி எடுத்துக் காட்டுவேன். பதினேழு வருஷம் சிரித்தேன். உன் வீட்டுப் பொங்கலைத் தின்றுவிட்டு, உன் மகளுக்குக் காதுகுத்துக்குத் தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் உன்னைக் கரித்துக்கொண்டே சிரித்தேன்.

அப்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு இறக்குமதிக்காரர் வந்தார். முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் எஃகு அடுப்பு. ஒரு பெரிய ஆர்டர் பிடித்துக் காட்டினால் இந்த வட்டாரம் முழுக்க நானே ஏஜென்ட் என்றார். கடைக்கு வெளியே பெரிய பலகையில் என் பேர் இருக்கும் என்றார். அந்த மாதமே ஒரு நூற்பு மில்லில், பெண்கள் விடுதிச் சமையல்கட்டுகள் எல்லாவற்றுக்கும் புது அடுப்பு கேட்டார்கள். மேனேஜர் நேர்மையானவர். "ரெண்டையும் கொண்டாங்க. ஒரே அளவு விறகு, ஒரே அளவு தண்ணி. எது மொதல்ல கொதிக்குதோ அது" என்றார்.

உன்னிடம் வந்து சொன்னேன். வெளிநாட்டு அடுப்பை நானே கொண்டுவருகிறேன் என்றதும் உனக்குக் கோபம் வரும், சண்டை போடுவாய், அதைச் சாக்காக வைத்துப் பிரிந்துவிடலாம் என்றுகூட எதிர்பார்த்தேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "நல்லதுதான். உன்ற கடைக்கு ரெண்டும் வேணுமல்லோ. எனக்கும் அத ஒருக்கா எரிச்சுப் பாக்கோணும்னு ஆசை. வெறகு மட்டும் நீயே கொண்டாந்துரு. நான் கொண்டாந்தா, அவன் நல்ல வெறகா பொறுக்கிட்டான்னு யாராச்சும் சொல்லுவாங்க."

நீயே கொடுத்த கத்தி அது.

என் குடோனில் தண்ணீர்த் தொட்டி ஒழுகும் மூலையில், அடுக்கின் அடியில் கிடந்த வேலிக்காத்தான் கட்டைகளை எடுத்தேன். மூன்று நாள் முன்னமே எடுத்து, மேல்தோல் மட்டும் காயும்படி வெயிலில் பரப்பினேன். தொட்டால் காய்ந்த விறகு, பிளந்தால் ஈரம். கையால் தூக்கிப் பார்த்தால் கனம் காட்டிக்கொடுக்கும் என்று சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் பரப்பினேன். நன்றாகக் காய்ந்ததை வெளிநாட்டு அடுப்புக்கென்று வேறு சாக்கில் போட்டேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மூன்று நாள் கோபம் எந்த மனிதனுக்கும் இருக்காது. நான் நிதானமாக, வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையோடு செய்தேன். வாழ்க்கையில் நான் சுத்தமாகச் செய்த ஒரே கைவேலை அதுதான்.

மில் கேன்டீனுக்குப் பின்னால் முற்றத்தில் இரண்டு அடுப்பையும் வைத்தார்கள். மேனேஜர், இரண்டு சமையல்காரர்கள், ஷிப்ட் முடிந்து வந்த பத்துப் பதினைந்து பெண்கள். நீ வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாய், கல்யாணத்துக்கு வருவதுபோல. உன் மகளையும் கூட்டி வந்திருந்தாய். அப்போது அவள் எட்டாவது படித்தாள். அப்பாவின் அடுப்பு ஜெயிப்பதைப் பார்க்க வந்திருந்தாள்.

வெளிநாட்டு அடுப்பு விசிறிச் சத்தத்தோடு நீலமாக எரிந்தது. உன் அடுப்பு பற்றிக்கொள்ளவே மறுத்தது. பற்றிய பிறகு புகைந்தது. முற்றம் முழுக்கப் புகை. பெண்கள் தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "ஏனுங்க, இது அடுப்பா கொசுவத்தியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டுமாவது நான் அடக்கியிருக்கலாம்.

நீ மண்டியிட்டு உள்ளே பார்த்தாய். கட்டையின் முனையில் ஈரம் நுரைத்துச் 'சுர்'ரென்று சத்தம் வந்தது. அதை நீ பார்த்தாய். அடுப்போடு பிறந்தவன் போலிருந்த உனக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமலா இருக்கும்? திரும்பி என்னைப் பார்த்தாய். கண்ணெல்லாம் புகையில் சிவந்து தண்ணீர் வழிந்தது.

"வெறகு..." என்று ஆரம்பித்தாய்.

"ரெண்டும் ஒரே வெறகுதானப்பா" என்றேன். "காத்துப் போக்கு செரியில்லையோ என்னமோ. பாரு."

நீ தலையாட்டினாய். உன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினாய். அந்த நொடியில் எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை. இவ்வளவு முட்டாளா நீ என்று எரிச்சல்தான் வந்தது.

உன் மகள் அன்று வண்டியில் ஏறும்போது உன்னிடம் பேசவில்லை.

ஆர்டர் எனக்கு வந்தது. பலகையும் வந்தது. நீ கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அடுத்த வாரமே ஒரு நோட்டோடு கடைக்கு வந்தாய். "பட்டறையில நல்லா எரியுதப்பா. அங்க மட்டும் ஏன் எரியல? அதான் புடிபட மாட்டேங்குது" என்றாய். இல்லாத குறையைத் தேட ஆரம்பித்தாய். காற்றுத் துளையை இறக்கினாய், ஏற்றினாய். தட்டை மாற்றினாய். புகைபோக்கியை அகலமாக்கினாய், பிறகு குறுக்கினாய். ஒவ்வொன்று முடிந்ததும் என்னைக் கூப்பிடுவாய். அந்தக் கொட்டகையில் நின்று நான் பார்ப்பேன். நன்றாகவே எரியும். "இன்னும் கொஞ்சம் பொகையற மாதிரி இருக்குது" என்பேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நீ மறுபடியும் மில்லுக்குப் போய் நிற்பாய் என்ற பயம். பிறகு அந்தப் பயமும் போய், சொல்லிப் பழகிவிட்டது. ஆறு வருஷம் சொன்னேன்.

கடைசியில் நீயே ஒரு முடிவுக்கு வந்தாய். காய்ந்த விறகில் எரிவது பெரிதில்லை, எந்த விறகிலும் எரிய வேண்டும் என்று. அப்புறம் வேண்டுமென்றே ஈரக் கட்டைகளை வாங்கிப் போட்டு எரித்தாய். அடைத்த கொட்டகையில் நாள் முழுக்க அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தாய். ஏற்கெனவே வெல்டிங் புகை குடித்த நெஞ்சு. இருமல் வந்தது. புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக உன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். "நீங்க சொன்னாத்தான் கேப்பாருங்கண்ணா. போதும்னு ஒரு வார்த்த சொல்லுங்க." சொல்லுகிறேன் அம்மிணி என்றேன். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை 'போதும்' இல்லை. அதனால் எதையுமே சொல்லவில்லை.

இதற்குள் மில்லில் அந்த வெளிநாட்டு அடுப்புகள் ஒன்றொன்றாக நின்றுபோயிருந்தன. சமையல்கட்டின் நீராவி விசிறிக்கு ஆகவில்லை. உதிரிப் பாகம் வந்துசேர்வதற்குள் அவர்கள் கேஸுக்கு மாறி, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. தோற்றது உன் அடுப்பு மட்டுமே என்று நீ கடைசிவரை நினைத்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த கடைசி நாள். மூக்கில் குழாய். மூச்சு நெஞ்சில் சீழ்க்கையடித்தது. அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"ஏப்பா... நெசமாச் சொல்லு. அன்னிக்கு என்ற அடுப்புல என்னதான் கொறை?"

இதைவிடத் திறந்த கதவு யாருக்கும் கிடைக்காது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். சொன்னேன்:

"காத்துத் துளை அரை இஞ்சு மேல இருந்திருக்கோணும்."

உன் முகம் தெளிந்தது. நிம்மதியாகச் சிரித்தாய். "நானும் அதையேதான் நெனச்சேன்" என்றாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் வேலைக்குப் போயிருந்தாள். உன் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி மூலை, மூன்று நாள் வெயில், ஆறு வருஷம், அரை இஞ்சு, எல்லாம். அவள் அழுவாள், திட்டுவாள், வாசலைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அதைத்தான் விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொல்றீங்க? அவருகிட்டச் சொல்றதுக்கு ஆறு வருசம் இருந்துதல்லங்க."

நான் எழுந்தேன்.

"அவரு போனாலும் ஒரு நல்ல சிநேகிதன் கூட இருந்தாருன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். அதையும் இப்பப் புடுங்கிப்போட்டீங்க. உங்க பாரத்த எறக்கி வெக்க என்ற ஊடுதானுங்களா கெடைச்சுது?" குரல் உயரவே இல்லை. 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. "என்ற புள்ள அவங்கப்பனுக்குத் தொழில் தெரியலைன்னு இன்னும் சொல்லிட்டிருக்கறா. நீங்க போயி அந்த மில்லுல சொல்லுங்க. அன்னிக்குச் சிரிச்சவங்க முன்னால நின்னு சொல்லுங்க. அவங்க நம்புனாங்கன்னா, அப்புறம் வந்து என்ற புள்ளைகிட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

போனேன். அவமானப்படத் தயாராகத்தான் போனேன். பழைய மேனேஜர் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டாராம். அந்தப் பெண்கள் கல்யாணமாகி எந்தெந்த ஊரிலோ. சமையல்காரர்களில் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் முன்னால் நின்று, அந்த முற்றத்திலேயே, முழுதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"அடுப்புப் போட்டிங்களா? இங்கயா? எனக்கொண்ணும் நெனப்பில்லைங்களே. எத்தனையோ அடுப்பு வந்துது, போச்சுது."

புதிய மேனேஜரிடமும் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

உன் உயிரை வாங்கிய அவமானம் அங்கே ஒருவர் நினைவிலும் இல்லை. அவர்கள் ஒரு மதியம் சிரித்தார்கள், விடுதிக்குத் திரும்பினார்கள், மறந்தார்கள். அந்த முற்றத்தில் நாம் இரண்டு பேர்தான் அத்தனை வருஷமும் நின்றுகொண்டிருந்திருக்கிறோம். இப்போது நான் மட்டும்.

உன் மகளைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று நின்று கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. நம்புவாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வேலை, அவசரம், ஈரோட்டுப் பஸ். "இருக்கேன் கண்ணு" என்றேன். ஏறிப் போய்விட்டாள்.

உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். என் பேச்சை இனி யாரும் நம்பத் தேவையில்லாதபடி நானே செய்துவைத்திருக்கிறேன்.