பெயருக்கு விட்ட இடம்

மாப்ள,

இன்று காலை கோச்சடையில் ஒரு சுவரில் யுத்த நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் மாவுப்பசை புளித்துக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். நீ இல்லாத வீட்டுக்கு. அப்படியே திரும்பிவிட்டேன். உன் பெயர் போட்ட ரோஸ் நோட்டீஸை மதுரைச் சுவர்களில் ஒட்டியதும் இதே பசைதான்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரே தெருவிலிருந்து கிளம்பி வந்தவர்கள் நாம். எழுத்தறியாத நீ பஞ்சு மில்லில் பாய்லருக்குக் கரி போட்டாய். நாலு எழுத்துப் படித்திருந்த புண்ணியத்தில் நான் ஆபீஸ் ரைட்டர். மில்லுக்குள் எதிரே பார்த்தால் "ரைட்டரய்யா, கும்புடுறேன்" என்று வேண்டுமென்றே குனிவாய். வாசலைத் தாண்டியதும் தோளில் கை விழும்.

எங்கள் மானேஜருக்கு ஒரு கொள்கை உண்டு. மில்லில் எது நடந்தாலும் ஊர் வாய் திறப்பதற்குள் நாம் பேசிவிட வேண்டும். அதற்காக நோட்டீஸ்களை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னார். தீப்பிடித்தால் ஒன்று, காலரா வந்தால் ஒன்று, பாய்லர் வெடித்தால் ஒன்று. எந்த நோட்டீஸ் கட்டு எந்த பஸ்ஸில் போக வேண்டும், வாசலில் கேட்பவர்களுக்கு வாட்ச்மேன் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை எழுதினேன். பாய்லர் நோட்டீஸில் 'இன்னார் என்பவரின் கவனக்குறைவால்' என்று வரும் இடத்தில் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். விபத்தே நடக்கவில்லை, அதற்குள் குற்றவாளி தயார். அதை எழுதி முடித்த அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. உன்னிடமும் பீற்றிக்கொண்டேன், அந்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல். "அம்புட்டையும் யோசிச்சு வச்சிருக்கியே மாப்ள" என்று மெச்சினாய்.

அப்புறம் ஒருநாள், நீராவிக் குழாய் மூட்டில் கசிகிறது, மானேஜரிடம் சொல் என்றாய். சொன்னேன். சித்திரைத் திருவிழா முடியட்டும், நிறுத்திப் பார்க்கலாம் என்றார். திருவிழா முடிந்தது. அவர் மறந்தார். நான் மறக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிப்பாரே என்று பயந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

குழாய் வெடித்த காலையில் உன்னைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மானேஜர் என் மேஜையைக் காட்டி, "அத எடுங்க" என்றார். எடுத்தேன். விட்டிருந்த இடத்தில் உன் பெயரை எழுதினேன். என் கை நடுங்கவில்லை மாப்ள, நடுங்கியது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அச்சாகி வந்த கட்டுகள் மத்தியானத்துக்குள் மேலூர் பஸ்ஸிலும் வாடிப்பட்டி பஸ்ஸிலும் ஏறிவிட்டன. திட்டம் பிசகவே இல்லை. மானேஜர் என் முதுகில் தட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாரோ கொடுத்த நோட்டீஸ் உன் தலைமாட்டில் இருந்தது. வலது கை முழுக்கக் கட்டு. "என் பேரு போட்டு அடிச்சிருக்காகளாமே. என்னன்னு வாசி" என்றாய். வாசித்தேன். 'குழாய் மூட்டு பழுதானதால்' என்று வாசித்தேன். 'தைரியமாகப் பணியாற்றிய' என்றுகூட ஒன்றைச் சேர்த்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாய்.

கை தேறியதும் மில்லில் உன்னைச் சேர்க்கவில்லை. மேலூரில் ஒரு பஞ்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நீ போனது எனக்குத் தெரியாது. உன் மேல் தப்பில்லை என்று மில்லே அச்சடித்திருக்கிறது என்று சொல்லி அந்த நோட்டீஸை நீட்டியிருக்கிறாய். அங்கிருந்த குமாஸ்தா அச்சில் இருந்ததை அப்படியே நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்திருக்கிறார்.

திரும்பி வந்து என் வாசலில் நின்றாய். அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நீ வாசிச்சது நல்லாத்தானே இருந்துச்சு மாப்ள, அதையே அச்சடிச்சிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "வாரேன்" என்று போய்விட்டாய். அதன் பிறகு கோச்சடைச் சூளையில் செங்கல் சுமந்தாய். என்னைக் கண்டால் கும்பிடுவாய். ஆனால் அதில் கேலி இல்லை.

போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, எனக்குத் தங்கச்சி முறையான உன் சம்சாரம் தகரப்பெட்டியைத் திறந்து அந்த நோட்டீஸை எடுத்து வந்தாள். மேலூரில் நடந்ததை அவளிடம் நீ சொல்லவே இல்லை.

"அண்ணே, இத நீங்க வாசிச்சுக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒருக்கா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். 'குழாய் மூட்டு பழுதானதால்' என்றுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பொய்யை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவன், நடந்த உண்மையை எழுத்தறியாத இரண்டு பேரிடம் மட்டும் வாயால் சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் இன்று கிளம்பினேன். பசை வாடையைச் சாக்கு வைத்துத் திரும்பிவிட்டேன். நாளையும் கிளம்புவேன். உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் மாப்ள. எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளாம்.