பொய்யென்று நினைத்த அலாரம்

மார்ச் 3
குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. உலையில் மரத்தூளைச் சூடாக்கினால் வாயுவோடு தாரும் வருகிறது, பிசின் மாதிரி. எண்ணூறு டிகிரியில், நிக்கல் வினையூக்கியின் மேல், நீராவி பட்டால் அது உடைந்து ஹைட்ரஜன் ஆக வேண்டும். தாளில் ஆகிறது. இங்கே மூன்று மணி நேரத்தில் நிக்கல் மேல் கரி படிந்து வேலை நின்றுவிடுகிறது. ஃபிட்டர் அண்ணன் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உங்க பிள்ளைக்கு மறுபடியும் மலச்சிக்கல்மா" என்றார். நாலு நாளில் இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 8
சீரியம் என்ற உலோகம் கலந்த புது வினையூக்கி. ஒன்பது மணி நேரம் தாங்கியது! ஆய்வுக்கூட இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலாம் தேதி பார்வையாளர்களை அழைத்துவிட்டார்.

கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரம்தான் ஓயாமல் கத்துகிறது. அந்தக் கருவிக்கு ஹைட்ரஜன் கொஞ்சம் கசிந்தாலும் மோனாக்சைடு என்றே படும். இன்னொரு கருவியால் சோதித்தேன். மோனாக்சைடு இல்லை.

மார்ச் 11
இன்று பதினோரு தடவை. "நிறுத்திடவாம்மா? காது போகுது" என்றார் அண்ணன்.
"நிறுத்திடுங்கண்ணே. அது ஹைட்ரஜன்தான்."
மறுபடி சோதிக்கவில்லை. அவசரம்.

மார்ச் 12
அண்ணன் போய்விட்டார்.

மார்ச் 13
நேற்று மதியம் உலைக்குப் பின்னால் போல்ட்டை இறுக்கப் போனார். அரை மணி ஆகியும் ஆளைக் காணோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஸ்பேனர். முகம் நல்ல சிவப்பு. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். தார் அடைத்து அழுத்தம் ஏறி, இணைப்பு விட்டிருக்கிறது. இந்தத் தடவை மோனாக்சைடேதான்; முகச் சிவப்பும் அதனால்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே...

நிறுத்தச் சொல்லி நான் சொன்னேனே. நான்தானே சொன்னேன்?

மார்ச் 16
இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அலாரத்தை நிறுத்தினது அவர் கைதானே? விபத்து அறிக்கையில அதை மட்டும் எழுது. பொய்யில்லையே."
பொய்யில்லைதான்.

மார்ச் 19
அண்ணி வந்திருந்தார், அண்ணனுடைய பொருள்களை வாங்கிப்போக. "வீட்டுல அடுப்பை அணைச்சிட்டு மூணு தடவை போய்ப் பாப்பாரு. அவரா நிறுத்தினாரு?"
பையை நீட்டினேன். சீ.

ஏப்ரல் 2
விசாரணை. அதிகாரி கேட்டார்: "நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"
"நான் சொன்னேன்."
இயக்குநர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 20
அறிக்கை வந்துவிட்டது. தவறு இழைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். அண்ணன் மேல் பிழையில்லை என்று ஒரு வரி. கூடவே, இனி வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதம்.

அறிக்கையை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது. உள்ளே கூப்பிடவில்லை. அழவும் இல்லை. கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தி,
"மழை வர்ற மாதிரி இருக்கு. நனையாம போ" என்றார்.