கரண்ட் போன மத்தியானம்

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போன பிறகு எல்லாவற்றையும் மனசுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது. அத்தையை, உங்கள் அம்மாவை, ஊத்துக்குளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "அம்மாவப் பாத்துக்க எஸ்தர்" என்றீர்களே, அந்தக் கைதான் அத்தையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கோபப்பட வேண்டுமானால் படுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுப் படுங்கள்.

முதலில் கம்பெனி சேதி. அருள்புரத்தில் நம் பனியன் கம்பெனிக்குப் புது ஜெனரேட்டர் வந்துவிட்டது. கரண்ட் போனதே தெரிவதில்லை, டியூப்லைட் ஒரு தடவை சிமிட்டுவதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் ஹால் முழுக்க அப்படியே அடங்கும். ஆள் போய் ஜெனரேட்டரைப் போடும்வரை நாங்கள் ஊர்க்கதை பேசுவோம், நீங்கள் மட்டும் ஓவர்லாக் தையல் மெஷின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

"என்ன மதினி, ஜெபமா?" என்று கேட்பேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவரு ஏதும் சொல்லுதாரான்னு பாக்கேன்."

"சொன்னாரா?"

"இன்னைக்கு இல்ல" என்று சிரிப்பீர்கள். முக்கால்வாசி நாள் இதே பதில்தான். அப்புறமும் எப்படி மதினி சலிக்காமல் உட்கார்ந்தீர்கள்?

எனக்குச் சலித்துவிட்டது. நீங்கள் போன கொஞ்ச நாளில் அத்தைக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சு இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை வந்து அடுத்தது வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். காலையில் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, கதவை வெளியே பூட்டிக்கொண்டு நானும் உங்கள் தம்பியும் ஓடுவோம். சாயங்காலம் வந்தால் மறுபடி துணி, மறுபடி கஞ்சி. அத்தை வாயைத் திறந்தாலே, "தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா?" என்று நானே மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் அந்த இடத்திலேயே தூங்கிப் போவேன்.

அந்த நேரத்தில்தான் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஆள் வந்தது. அத்தையும் படுத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் ஜெபக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு அக்கா, "ஆண்டவர் எனக்கு உணர்த்துனாரு, இது உன் சிலுவை, இறக்கி வைக்கக் கூடாது" என்றார். இன்னொரு அக்கா, "ஆண்டவரே திறந்த வாசல், அடைச்சிராத" என்றார். ஒரே ஆண்டவர், ஒரே வாரத்தில், ஒரே விஷயத்துக்கு இரண்டு பதில். அவர்களிடமெல்லாம் பேசுகிறவர் என்னிடம் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? எனக்கு அழுகையை விட எரிச்சல்தான் அதிகம் வந்தது. அத்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றே முடிவு செய்தேன். அன்பினால் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கும், சபையில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமும்தான்.

வியாழக்கிழமை ஏரியா முழுக்க மின் பராமரிப்பு. அன்றைக்குப் பார்த்துப் புது ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் லைன் வீட்டுச் சந்தில் மோட்டார் இல்லை, டிவி இல்லை, அப்படி ஒரு அமைதி. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பூட்டின கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது.

"யாரு?"

என்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் பின்னால் ஒரு தண்ணீர்க் கேன்காரர் நடந்து போனார். மறுபடி, "யாரு?" அவர், "கேன் போடற ஆளுங்கம்மா" என்று நிற்காமல் சொல்லிவிட்டுப் போனார். பழகின பதில்.

பக்கத்து வீட்டு ராசாத்தியக்கா வெளியே வந்தார். "தெனமும் இப்படித்தானுங்க எஸ்தரு. யாரு நடந்தாலும் கூப்புட்டுக் கேப்பாங்க. நாங்களும் பேரச் சொல்லீட்டுத்தான் போவமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் பூட்டைத் திறந்தேன். நாங்கள் இருக்கும்போது அத்தை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஃபேன் ஓடவில்லை. அடுப்புப் பக்கம் போகவில்லை, துணியைத் தொடவில்லை. "அத்த, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன், சபையில் கேட்டிருக்கிறேன். அத்தையிடம் அன்றைக்குத்தான் கேட்டேன், மதினி.

வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. மிச்சத்தைச் சொல்லி முடிக்க என் நாக்கு துடித்தது. உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் மெஷின்மேல் வைத்தது போல அத்தையின் கைமேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

"அங்க... ஆளு... இருப்பாவளா?"

"இருப்பாவ அத்த."

வெகு நேரம் கழித்து, "பகல்லயுமா?" என்றார்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப... கொண்டு விடு. நீ... வந்து... பாரு."

அது அத்தை சொன்னதா, ஆண்டவர் சொன்னதா? எனக்குத் தெரியாது. சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து நிற்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் கேட்டேன், அது மட்டும் நிஜம். நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

சனிக்கிழமை கொண்டு போய் விட்டோம். வீட்டில் அந்தக் கட்டிலை மடக்க இன்னும் மனசு வரவில்லை.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "யாரு?" என்ற சத்தம் வரும், "நான்தான் அத்த" என்று சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அத்தை பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "என்... மக..." என்று தொடங்கி, அடுத்த வார்த்தைக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. நானும் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போவேன் மதினி. அத்தை சொல்லி முடிக்கும்வரை இருப்பேன். நடுவில் வாய் திறக்க மாட்டேன், இது சத்தியம்.

நீங்கள் நம்பி விட்டுப்போன,
உங்கள் தம்பி பெண்டாட்டி
எஸ்தர்