நைனா முடிந்துவைத்த காசு

அன்பு மகள் ரக்ஷிதாவுக்கு அம்மா எழுதுவது. நகரியில் நானும் உன் நைனாவும் தம்பி கிஷோரும் உடம்புக்குச் சுகமாயிருக்கிறோம், மனசுக்குத்தான் இல்லை. கொழும்பில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கிஷோர் இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலி நகரத்தில் டிரையத்லான் என்று நீ சொன்னதிலிருந்து இங்கே ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சைக்கிள் ஓட்டு, அந்தப் பழைய கோட்டையைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஓடு, யார் வேண்டாமென்றது. முதலில் கடலில் நீந்த வேண்டும் என்கிறாயே, அதுதான் பயம். நம் ஆற்றில் பாதி வருஷம் மணல்தான், நம் குடும்பத்தில் கடலைப் பார்த்தவர்களும் கால் நனைத்ததோடு சரி. நீயும் நீச்சல் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பயத்தில் உன் நைனா செய்த காரியத்தைக் கேள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாள் படத்தடியில் வைத்து, எப்படியாவது இந்தப் பந்தயம் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். மறுநாளே டிவியில் இலங்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. நான் பந்தயம் நிக்கணும்னுதானே வேண்டிக்கினேன், கடலு பொங்கணும்னா வேண்டிக்கினேன் என்று என்னைக் கேட்கிறார். நானென்ன பெருமாளா? தறியில் நூல் அறுந்தது தெரியாமல் நிற்கிறார்.

முடிந்த காசை வீட்டில் அவிழ்க்கக் கூடாது, உண்டியலில்தான் சேர்க்க வேண்டும் என்று நேற்று அலிபிரிப் படி வழியாகத் திருமலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முழங்கால் வலியோடு ஏறினார். வரிசையில் வாய்க்குள்ளேயே எதையோ மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒரு பெண் தெலுங்கில் என்ன கவலை என்றாள். மகள் கடலில் நீந்தப் போகிறாள் என்றதும் அவளும் உனக்காக ஒரு கோவிந்தா போட்டாள். கடைசியில் என்னதான் வேண்டினீர்கள் என்று அவரைக் கேட்டேன். பந்தயம் நடந்துட்டுப் போவட்டும், கடலு மட்டும் சும்மா இருந்தா போதும்னு சொல்லிட்டேன் என்றார். திரும்பி வந்தும் வேப்பமரம் அசைந்தால் வாசலுக்கு ஓடுகிறார். அவரைச் சொல்லி என்ன, நானும்தான் ஓடுகிறேன். உன்னைப் போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அனுப்பிய வீடியோவில் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி ஒரு சிரிப்பு சிரித்தாயே, அதை நினைத்தால் கை வரவில்லை. அலை பெரிதாயிருந்தால் வெட்கப்படாமல் காவலுக்கு நிற்கும் படகுக்காரரைக் கூப்பிடு. தலையைத் துவட்டிக்கொண்டு சைக்கிள் ஏறு, நேரம் போகிறது என்று சொல்லாதே.

மலையப்பன் உன்னைத் தன் கையில் தாங்கட்டும், நூறு வயசு இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. உன்னோடு வரும் ஹரிதாவிடம் போனைக் கொடுத்து, நீ கரையேறியதும் எங்களைக் கூப்பிடச் சொல். சைக்கிளும் ஓட்டமும் முடியட்டும் என்று அவள் காத்திருக்க வேண்டாம். நீ ஜெயித்தாயா என்பதைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம், எங்களுக்குப் பந்தயம் கரையோடு முடிந்துவிடும்.

போனைக் கீழே வைக்காமல் இருக்கும்
உன் அம்மா
துர்காதேவி